தாமிரபரணிக் கரையில் ஒரு நாத யாத்திரை

பொதிகை மலைக்கும் இசைக்கும் உள்ள உறவு மிகப் பழைமையானது. அகத்திய மாமுனிவர் யாழை மீட்டியபோது பொதிகையின் பாறை உருகியது என்றும், இசையில் தன்னை வெல்வார் இல்லை என்று இறுமாந்திருந்த இராவணன் அந்த நாதத்துக்குக் கட்டுண்டு பணிந்தான் என்றும் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த மலையின் சாரலில் பிறக்கும் ஆறுகள் பாயும் ஊர்களிலெல்லாம் நெல் விளைந்தது போலவே நாதமும் விளைந்தது. நெல்லைச் சீமையின் இசைச் செல்வத்தைக் காண விழையும் அன்பர்களுக்கு யாத்திரையைத் தொடங்க ஏற்ற இடம், கடனாநதிக் கரையில் அமைந்த ஆழ்வார்குறிச்சி.

அத்ரி மகரிஷியும் அநசூயா தேவியும் தவமியற்றியதாகப் போற்றப்படும் அத்ரி மலைப் பகுதியிலிருந்து இறங்கிவரும் கடனாநதி, சிவசைலத்தையும் ஆழ்வார்குறிச்சியையும் வளப்படுத்தி, திருப்புடைமருதூரில் தாமிரபரணித் தாயுடன் சங்கமமாகிறது. முன்னாளில் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஆழ்வார்குறிச்சி, 2019ஆம் ஆண்டு உருவான தென்காசி மாவட்டத்தில் இன்று அடங்கியிருக்கிறது. எல்லைகள் மாறினாலும் இவ்வூர் மக்களின் பேச்சும் வழிபாடும் தாமிரபரணிப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவையே.

பரமகல்யாணியின் திருவீதி

ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் சிவசைலநாதர் மேற்கு நோக்கி எழுந்தருளியிருக்கிறார். அம்பிகையின் திருநாமம் பரமகல்யாணி. அருகிலுள்ள கீழாம்பூரில் ஒரு கிணற்றிலிருந்து வெளிப்பட்டு, பின்னர் சிவசைலத்தில் பிரதிஷ்டை செய்யப்பட்டவள் என்பது ஐதிகம். ஆகவே சுற்றுவட்டார மக்களுக்கு அவள் தங்கள் வீட்டுப் பெண். பங்குனித் திருவிழாவில் சுவாமியும் அம்பாளும் சிவசைலத்திலிருந்து ஆழ்வார்குறிச்சிக்கே எழுந்தருளி, இவ்வூர் வீதிகளில் திருத்தேரில் பவனி வருகிறார்கள். பிறந்தகத்துக்கு வரும் மகளை வரவேற்பதுபோல் ஊரே வாசலில் கோலமிட்டுக் காத்து நிற்கும்.

இத்தகைய பவனியில் தெய்வத்துக்கு முன்னால் செல்வது நாகஸ்வரமும் தவிலும். திருக்கோயில் மேளம் என்பது கச்சேரியிலிருந்து வேறுபட்டது. அதற்கென்று காலமும் இடமும் வகுக்கப்பட்டிருக்கின்றன. விடியற்காலையில் பூபாளம், காலைப் பொழுதில் பிலஹரி, மலயமாருதம் போன்ற ராகங்கள், மாலையில் கல்யாணி, சண்முகப்ரியா, இரவில் பள்ளியறைக்கு நீலாம்பரி என்று நாளின் போக்கே ராகங்களால் அளக்கப்படுகிறது. சுவாமி புறப்பாடு ஆகும்போது கம்பீரநாட்டையில் மல்லாரி ஒலிக்கும். மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது. ஸ்வரமும் லயமுமே அதன் உடல். நிவேதனம் வரும்போது தளிகை மல்லாரி, தேர் நகரும்போது தேர் மல்லாரி என்று அதிலும் வகைகள் உண்டு. கண் பார்வை மங்கிய முதியவர்கூட வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடியே, இப்போது சுவாமி எழுந்தருளிவிட்டார், இப்போது நிவேதனம் ஆகிறது என்று காதாலேயே தரிசனம் செய்ய முடிந்தது இந்த ஒழுங்கினால்தான்.

ஆழ்வார்குறிச்சியில் 1905ஆம் ஆண்டு பிறந்து, அமால்கமேஷன்ஸ் தொழிற்குழுமத்தை நிறுவியவர் எஸ். அனந்தராமகிருஷ்ணன். தொழிலில் ஈட்டிய பொருளால் பிறந்த ஊரில் கல்வியை வளர்த்தார். இங்குள்ள கல்லூரி பரமகல்யாணி அம்பாளின் பெயரையே தாங்கியிருக்கிறது. தம் புதல்வருக்கு அவர் சூட்டிய பெயர் சிவசைலம். அந்தச் சிவசைலம் அவர்களின் துணைவியார் இந்திரா சிவசைலத்தின் நினைவாகத்தான், சென்னை மியூசிக் அகாதெமியுடன் இணைந்து அறக்கட்டளைக் கச்சேரி நடத்தப்பட்டு, கர்நாடக சங்கீதக் கலைஞர்களுக்குப் பதக்கம் அளித்துக் கௌரவிக்கப்படுகிறது. கடனாநதிக் கரைத் தெய்வத்தின் திருநாமம் இவ்வாறு சென்னைச் சங்கீத மேடையிலும் ஒலிக்கிறது.

மேற்கே கடையம்

ஆழ்வார்குறிச்சிக்கு அருகிலேயே இருக்கிறது கடையம். மகாகவி பாரதியாரின் துணைவியார் செல்லம்மாள் பிறந்த ஊர் இது. புதுச்சேரியை விட்டு 1918இல் வெளியேறிக் கைதாகி விடுதலை பெற்ற பின், பாரதியார் 1920 வரை இங்கேதான் வாழ்ந்தார். கடையத்து நித்யகல்யாணி அம்பாள் சந்நிதி அவர் உள்ளம் தோய்ந்த இடம். பாரதியார் தம் பாடல்கள் பலவற்றுக்கு ராகமும் தாளமும் குறித்துவைத்தார். ‘சங்கீத விஷயம்’ என்ற கட்டுரையில், வித்வான்கள் பொருள் உணராமல் சில பாட்டுகளையே திரும்பத் திரும்பப் பாடுவதை நொந்துகொண்டார். கேட்பவருக்கும் பாடுபவருக்கும் சொல்லின் பொருள் விளங்க வேண்டும் என்பது அவர் வேண்டுகோள்.

கல்லிடைக்குறிச்சியில் தீக்ஷிதர் மரபு

ஆழ்வார்குறிச்சியிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் ரயில், கீழாம்பூர், அம்பாசமுத்திரம் நிலையங்களைக் கடந்து கல்லிடைக்குறிச்சியை அடைகிறது. அப்பளத்துக்குப் பெயர்போன ஊராகவே பலரும் இதை அறிவார்கள். சங்கீத உலகம் இவ்வூரை அறிந்திருப்பது ஸ்ரீ முத்துஸ்வாமி தீக்ஷிதரால்.

திருவாரூரில் 1775ஆம் ஆண்டு அவதரித்த தீக்ஷிதர், தம் யாத்திரையில் பாண்டி நாட்டுத் தலங்களையும் தரிசித்தார். கல்லிடைக்குறிச்சி லக்ஷ்மீவராகப் பெருமாள் மீது ஆபோகி ராகத்திலும், திருநெல்வேலி காந்திமதி அம்மன் மீது ஹேமவதி ராகத்திலும் கிருதிகள் இயற்றினார். 1835ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளில் எட்டயபுரத்தில் அம்பிகையின் திருவடியை அடைந்தார். அவருடைய சமாதியும் அங்கேயே உள்ளது.

மகான் மறைந்தாலும் மரபு மறையவில்லை. எட்டயபுரம் சமஸ்தானத்தில் விளங்கிய சுப்பராம தீக்ஷிதர், பாடாந்தரமாக வந்த கிருதிகளை ஸ்வரப்படுத்தி ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூலை 1904ஆம் ஆண்டு வெளியிட்டார். அவருடைய புதல்வர் அம்பி தீக்ஷிதரிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர் கல்லிடைக்குறிச்சி அனந்தகிருஷ்ண ஐயர். இவர் கல்கத்தா வரை சென்று, குருகுஹ கான வித்யாலயம் என்ற பள்ளியை நிறுவி, தீக்ஷிதர் கிருதிகளைக் கற்பித்தார். கல்லிடைக்குறிச்சி சுந்தரம் ஐயர் அக்கிருதிகளை ஸ்வரக்குறிப்புடன் தொகுதி தொகுதியாக அச்சிட்டார். மேடையில் கைதட்டல் பெறுவது ஒரு புகழ் என்றால், ஒரு கிருதியின் ஸ்வரம் பிறழாமல் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது அதனினும் உயர்ந்த தொண்டு. கல்லிடைக்குறிச்சி அந்தத் தொண்டைச் செய்த ஊர்.

ஹரிகேசநல்லூர் தந்த மேதை

அடுத்து வருவது வீரவநல்லூர். அங்கிருந்து சற்றுத் தொலைவில் தாமிரபரணிக் கரையில் ஹரிகேசநல்லூர் இருக்கிறது. அரியநாத சுவாமியும் பெரியநாயகி அம்பாளும் அருள்பாலிக்கும் சிற்றூர். இதன் பெயரை இந்தியா முழுவதும் கொண்டுசென்றவர் முத்தையா பாகவதர்.

1877ஆம் ஆண்டு பிறந்த அவர் இளம் வயதிலேயே தந்தையை இழந்தார். தாய்மாமனான லக்ஷ்மண சூரி வேதமும் வடமொழியும் கற்பித்தார். ஆனால் சிறுவனின் மனம் சங்கீதத்தையே நாடியது. பத்து வயதை ஒட்டிய பருவத்தில் குருவைத் தேடிக் காவிரிக் கரைக்குச் சென்று, சாம்பசிவ ஐயரிடம் ஆண்டுக்கணக்கில் குருகுலவாசம் செய்தார். பின்னர் பாடகராகவும் ஹரிகதை விற்பன்னராகவும் வாக்கேயக்காரராகவும் உயர்ந்தார்.

மைசூர் சமஸ்தானத்தில் ஆஸ்தான வித்வானாக இருந்தபோது, சாமுண்டேஸ்வரி அம்பிகையின் 108 திருநாமங்களுக்கும் ஒவ்வொன்றாகக் கிருதி இயற்றினார். மோகனகல்யாணி, கர்ணரஞ்சனி, புதமனோகரி முதலான ராகங்களைச் சங்கீத உலகுக்கு அளித்தார். பாடல்களில் அவர் பதித்த முத்திரை ‘ஹரிகேச’ என்பது. எந்த அரசவையில் அமர்ந்து எந்த மொழியில் பாடினாலும், இறுதியில் தம் ஊரின் பெயரைச் சொல்லியே கையொப்பமிட்டார்.

1939ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் ஸ்வாதித் திருநாள் சங்கீத அகாதெமி தொடங்கப்பட்டபோது முதல் முதல்வராகப் பொறுப்பேற்றவர் அவரே. ஸ்வாதித் திருநாள் மகாராஜாவின் கீர்த்தனைகளைத் தேடித் திரட்டும் பணியும் அவரால் ஊக்கம் பெற்றது. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் 1943ஆம் ஆண்டு அவருக்கு டாக்டர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. மதுரையில் அவர் நடத்திய சங்கீத வித்யாலயத்தில் பயின்றவர்தான் மதுரை மணி ஐயர். கச்சேரி முடிவில் மணி ஐயர் பாட, மக்கள் ஆரவாரித்த ‘இங்கிலீஷ் நோட்டு’ முத்தையா பாகவதரின் படைப்பே. 1945ஆம் ஆண்டு மைசூரில் அவர் மறைந்தார்.

மண்ணும் காற்றும் கலந்த காருகுறிச்சி

வீரவநல்லூருக்கும் சேரன்மகாதேவிக்கும் இடையில் உள்ள காருகுறிச்சி, மண்பாண்டத் தொழிலுக்குப் புகழ்பெற்றது. சக்கரத்தில் மண் சுழன்று உருப்பெறும் அவ்வூரில், 1921ஆம் ஆண்டு பலவேசம் என்பவரின் மகனாகப் பிறந்தார் அருணாசலம். பின்னாளில் ஊர்ப் பெயரே அவர் பெயராகி, ‘காருகுறிச்சி’ என்றால் நாகஸ்வரம் என்று ஆயிற்று.

தொடக்கப் பாடங்களை இப்பகுதியிலேயே பெற்ற அருணாசலத்துக்கு, நாகஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையுடன் வாசிக்கும் பேறு வாய்த்தது. பிள்ளைவாள் இவரைத் தம்முடன் அழைத்துச் சென்று சீடராக ஏற்றார். குருவுக்குப் பக்கத்தில் நின்று வாசிப்பது எளிதான காரியமன்று. அவர் ராகத்தை விரிக்கும்போது இடமறிந்து மௌனமாயிருக்க வேண்டும்; அவர் விட்ட இடத்தில் அதே சுருதியில், அதே பாவத்தில் தொடரவும் வேண்டும். அந்தப் பயிற்சி ஆண்டுகள் பல நீடித்தது.

நாகஸ்வரம் ஊதுவதற்கு மிகக் கடினமான வாத்தியம். ஆச்சா மரத்தில் கடைந்த உலவு, அடியில் அணசு, மேலே நாணலால் ஆன சீவாளி. புல்லாங்குழலைப் போலவே இதிலும் ஏழு துளைகளில் விரல் விளையாடினாலும், கமகமும் அரை ஸ்வரமும் பெரும்பாலும் மூச்சின் அழுத்தத்தாலும் உதட்டின் பிடியாலும் பிறக்கின்றன. ஆகையால்தான் முதலில் வாய்ப்பாட்டு, பிறகு வாத்தியம் என்று பெரியோர் வகுத்தனர். பாடத் தெரியாதவர் கையில் நாகஸ்வரம் பேசாது. அருணாசலத்தின் வாசிப்பில் ராகம் பாடுவதுபோலவே ஒலித்தது.

1962ஆம் ஆண்டு வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ திரைப்படத்தில், எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் இசையமைப்பில், எஸ். ஜானகி அவர்களின் குரலும் அருணாசலத்தின் நாகஸ்வரமும் ஆபேரி ராகத்தில் இணைந்து முருகப் பெருமானைப் போற்றின. கோயில் வாசலைத் தாண்டி அறியாதவர் வீட்டிலும் அன்று நாகஸ்வரம் நுழைந்தது. புகழின் உச்சியில், நாற்பத்து மூன்று வயதுகூட நிறையாத நிலையில், 1964ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அவர் வாழ்ந்த கோவில்பட்டியில் சிலை நிற்கிறது. பிறந்து நூறாண்டு கடந்த பின்னும், திருமண வீடுகளில் ஒலிநாடாவாகவும் குறுந்தகடாகவும் கைபேசியாகவும் வடிவம் மாறி அவருடைய நாதம் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

கல் பாடும் நெல்லை

ரயில் இறுதியில் திருநெல்வேலியை அடைகிறது. நெல்லையப்பருக்கு வேணுவனநாதர் என்றும் திருநாமம். வேணு என்றால் மூங்கில், மூங்கிலே குழலாகிறது. நாதத்தின் மூலப்பொருள் விளைந்த வனத்தில் குடிகொண்ட இறைவன், பஞ்ச சபைகளுள் ஒன்றாகிய தாமிர சபையில் நடனமும் புரிகிறான். திருஞானசம்பந்தரின் தேவாரம் பெற்ற தலம் இது. மணி மண்டபத்தில் ஒரே கல்லில் செதுக்கப்பட்ட சிறு தூண்களின் கூட்டம், தட்டினால் வெவ்வேறு ஸ்வரங்களை எழுப்புகிறது. தட்டித் தட்டிப் பார்த்துக் கல்லைத் தேய்க்காமல், கண்ணால் கண்டு சிற்பியை வணங்கிச் செல்வதே பக்தர்களுக்கு அழகு.

ஆற்றோடு மேலும் கிழக்கே சென்றால் நம்மாழ்வார் அவதரித்த ஆழ்வார்திருநகரி. கல்லிலேயே கடைந்த ஒரு நாகஸ்வரம் அங்கே பாதுகாக்கப்படுகிறது. திவ்யப் பிரபந்தத்தை இசையோடும் அபிநயத்தோடும் சமர்ப்பிக்கும் அரையர் சேவை இன்றும் நடைபெறும் மிகச் சில தலங்களில் அதுவும் ஒன்று.

இம்மண்ணின் இசை வித்வான்களோடு முடிந்துவிடுவதுமில்லை. அம்மன் கோயில் கொடைகளில், குடமும் உடுக்கையும் தாளமும் கூடிய வில்லுப்பாட்டு இரவெல்லாம் தெய்வக் கதை சொல்லும். நெல்லைச் சீமையில் பிறந்து, அக்கலையைப் பட்டிதொட்டியிலிருந்து வானொலிக்கும் மேடைக்கும் எடுத்துச் சென்ற சுப்பு ஆறுமுகம் 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார்.

மங்கல இசை மௌனமாகலாமா?

தீக்ஷிதர் மரபும் முத்தையா பாகவதரின் கிருதிகளும் புத்தகத்தில் இருக்கின்றன, பாடுவோரும் உளர். கவலைக்குரியது கோயில் மேளம். பல சிறு திருக்கோயில்களில் தீபாராதனை வேளையில் இன்று ஒலிப்பது, மின்சாரத்தில் இயங்கும் முரசும் மணியும் கூடிய இயந்திரம். பொத்தானை அழுத்தினால் முழங்கும், நிறுத்தினால் அடங்கும். அதற்குக் காலையும் ஒன்றே, மாலையும் ஒன்றே. பூபாளமும் அறியாது, நீலாம்பரியும் அறியாது.

இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. முன்னாளில் மேளக்காரருக்குக் கோயில் மானிய நிலமும் பிரசாதப் பங்கும் இருந்தன. அந்த ஏற்பாடு தளர்ந்த பின், முகூர்த்த மாதங்களின் வருவாயே ஆண்டு முழுவதற்கும் ஆதாரமாயிற்று. திருமண மண்டபங்களிலும் வேறு இசைகள் இடம்பிடித்துவிட்டன. பத்தாண்டு சாதகம் செய்து கற்ற வித்தை ஒரு குடும்பத்தைத் தாங்காது என்ற நிலையில், தந்தை தம் மகனை வேறு தொழிலுக்கு அனுப்பினால் அவர்மீது பழி சொல்ல முடியுமா?

நம்பிக்கைக்கும் இடமுண்டு. அரசு நடத்தும் மாவட்ட இசைப்பள்ளிகளில் குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவற்றோடு நாகஸ்வரம், தவில், தேவாரம் ஆகியனவும் மூன்றாண்டுப் பயிற்சியாகக் கற்பிக்கப்படுகின்றன. திருநெல்வேலியிலும் அத்தகைய பள்ளி உண்டு. நாகஸ்வரம், தவில், தேவாரம் மூன்றுக்கும் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தாலே சேரலாம். அறநிலையத் துறையும் சில திருக்கோயில்களில் ஓதுவார், நாகஸ்வர, தவில் பயிற்சிப் பள்ளிகளை நடத்துகிறது. கற்பிக்க ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கற்றவர்களுக்குக் கோயில் வாசலில் வேலை இருக்க வேண்டும்.

அதில் பக்தர்களின் பங்கு சிறிதன்று. பேரப்பிள்ளைகளின் ஜன்ம நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்வதோடு, அன்றைய கால பூஜைக்கு மேளமும் ஏற்பாடு செய்யலாம். இயன்றவர்கள் ஒரு தொகையைத் திருக்கோயிலில் கட்டளையாக வைத்தால், அதன் வட்டியிலிருந்து ஆண்டுதோறும் ஒருநாள் மேளச் சேவை நடக்கும். வைத்தவர் காலத்துக்குப் பின்னும் அது நிற்காது. குடும்பத் திருமணங்களில் நாகஸ்வரக்காரரைக் ‘கெட்டிமேளம்’ சொல்லும்போது மட்டும் நினைக்காமல், முகூர்த்தத்துக்கு முன் அரைமணி நேரமாவது அவர் ஒரு ராகத்தை நிதானமாக வாசிக்க வாய்ப்பளித்து, பெரியவர்கள் எதிரே அமர்ந்து கேட்கலாம். பந்தியில் முதல் வரிசையில் அவருக்கு இலை போடலாம். கேட்பவர் இருக்கிறார் என்று தெரிந்தால் வாசிப்பவரின் மூச்சுக்குத் தனி பலம் வரும்.

அனைத்துக்கும் மேலாக, பவனி வரும்போது சற்று நேரம் பேச்சை நிறுத்தி மல்லாரியைக் கேட்பது பெரும் தொண்டு. தாத்தா கேட்பதைப் பார்த்துத்தான் பேரன் கேட்கக் கற்கிறான். தீக்ஷிதர் மரபைக் காத்தது ஒரு குருவும் சில சீடர்களும்தான், பெருங்கூட்டமன்று.

தரிசிக்கச் செல்வோருக்கு

திருநெல்வேலி – தென்காசி ரயில் பாதையில் சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், கீழாம்பூர், ஆழ்வார்குறிச்சி, கீழக்கடையம் ஆகியன வரிசையாக அமைந்துள்ளன. ஆழ்வார்குறிச்சியில் இறங்கி, கடனாநதிக் கரையிலுள்ள வன்னியப்பரைத் தரிசித்து, அங்கிருந்து சாலை வழியாகச் சிவசைலம் செல்லலாம். பங்குனித் திருவிழாவின்போது சென்றால், பரமகல்யாணி அம்பாளின் பவனியையும் மங்கல இசையையும் ஒருங்கே அனுபவிக்கலாம்.

பாறையை உருக்கிய நாதம் பிறந்த மலையடிவாரம் இது. அங்கே அம்பிகையின் முன் ஒலிக்கும் நாகஸ்வரம் என்றென்றும் ஓயாதிருக்க, சிவசைலநாதரும் பரமகல்யாணியும் அருள்புரிவார்களாக!